டாக்டரிடம் போன விமானி

ரைட் சகோதரர்களுக்குப் பிறகு ஆகாயத்துக்கு ஒரு முறையான ஆள் கிடைக்கப்போவது இந்த வருஷம்தான் என்று, அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து மக்காச்சோளக் காடுகளுக்கு நடுவே இருந்த சின்ன விமானத் திடலில், சனிக்கிழமை பான்கேக்கின் மேல் சிரப்பை ஊற்றிக்கொண்டே வெர்லின் டெஷ் அறிவித்தார். முறையான ஆள் என்று அவர் சொன்னது தம்மைத்தான். யாரும் சிரிக்கவில்லை. எல்லோருக்கும் வாய் நிறையப் பான்கேக்.

அந்த மேசையைச் சுற்றி இருந்தவர்கள் அனைவரும் வீட்டு கராஜில் விமானம் கட்டுகிறவர்கள். பெட்டி பெட்டியாக வந்து இறங்கும் அலுமினியத் தகடுகளைத் துளைத்து, ரிவெட் ஆணி அடித்து, மனைவியின் காரைப் பனியில் நிறுத்திவிட்டு வருஷக்கணக்கில் கட்டுவார்கள். முடிக்கிறவர்கள் குறைவு. மற்றவர்கள் இறக்கை இல்லாத உடலுக்குள் ஏறி உட்கார்ந்து, எஞ்சினை வாயாலேயே ஓட்டுவார்கள். அங்கே இது சாதாரண வழக்கம். யாரும் பொருட்படுத்துவதில்லை, வெர்லினைத் தவிர.

அவருடைய பக்கத்து வீட்டு ஆர்னி பிரிபில் இதில் பழுத்த விமானி. வீட்டில் சாப்பிட்டு முடித்ததும் தன் கராஜில் நிற்கும் இறக்கையில்லாத விமானத்தில் ஏறி உட்கார்ந்து, ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, எஞ்சினைக் கிளப்பும் முன் விமானிகள் கத்துவதுபோலவே "விலகுங்க!" என்று ஒரு சத்தம் கொடுத்துவிட்டு, உதட்டைக் குவித்து ட்ர்ர்ர் என்று கிளம்பிவிடுவார்.

"யாரை விலகச் சொல்றே ஆர்னி? உன் பூனையையா?" என்று வெர்லின் வேலிக்கு இந்தப் பக்கமிருந்து கேட்பார்.

"அதுவும் ஒரு உசுருதானேய்யா."

"இன்னிக்கு எந்த ஊர்ல இறங்கினே?"

"பக்கத்து மாநிலம், அயோவா. வழியெல்லாம் எதிர்க்காத்து."

வெர்லினுக்கு அயோவா வேண்டாம். மிச்சிகன் ஏரிக்கு அக்கரையில் மகள் இருந்தாள். காரில் ஏரியைச் சுற்றிக்கொண்டு போனால் ஒரு பகல் முழுக்கப் போய்விடும். மனைவி மார்லிஸைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரே தாண்டில் அக்கரை போய்ச் சேர வேண்டும். பால் லாரி ஓட்டிய காலத்திலிருந்தே அவர் மனதில் இருந்தது அவ்வளவுதான். மார்லிஸும் வருகிறேன் என்று சொல்லியிருந்தாள். அந்த ஒரு வார்த்தையை வைத்துத்தான் அவர் இரண்டு இறக்கைகளையும் கட்டி முடித்தார்.

இந்த மாதிரி குட்டி விமானங்களுக்கு ஒரு சலுகை உண்டு. கார் ஓட்டும் லைசென்ஸ் செல்லுபடியாக இருந்து, உடம்புக்கு ஒன்றுமில்லை என்று விமானி தானே நம்பினால் போதும். டாக்டர் சான்றிதழ் கேட்பதில்லை. ஆனால் நீங்களாகப் போய்ச் சான்றிதழ் கேட்டு, டாக்டர் மறுத்துவிட்டால், இந்தச் சலுகையும் போய்விடும். அதனால் அந்த மேசைக்காரர்கள் விமானிகளுக்குச் சான்றிதழ் தரும் டாக்டர் இருக்கும் தெருவில் காரைக்கூடத் திருப்ப மாட்டார்கள்.

"கேக்காத வரைக்கும் நீ நல்லா இருக்கிற ஆளுய்யா," என்றார் ஆர்னி. "போய்க் கேட்டுத் தொலைக்காதே."

"பின்வாசல் வழியா ஏறுற ஆள் நான் இல்ல," என்றார் வெர்லின்.

போனார். டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். இன்னொரு தரம் கேட்டார். பிறகு வெர்லினின் பேரப்பிள்ளைகளைப் பற்றி விசாரித்தார். அப்போதே வெர்லினுக்கு விளங்கிவிட்டது. இதயம் தாளம் தப்பித் துடிக்கிறது, சான்றிதழ் தர முடியாது, இந்த நெஞ்சை வைத்துக்கொண்டு மறுபடி விண்ணப்பிப்பதிலும் அர்த்தமில்லை என்று டாக்டர் ரொம்ப மரியாதையாகச் சொன்னார். நெடுஞ்சாலையில் ஆயிரம் பேருக்கு நடுவே காரை ஓட்டிக்கொண்டு வீடு திரும்ப எந்தத் தடையும் இல்லை. யாருமில்லாத ஆகாயத்தில்தான் அவரால் ஆபத்து.

அடுத்த சனிக்கிழமை மேசையில் ஒருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. சிரப்பை மட்டும் அவர் கேட்காமலே நகர்த்தி வைத்தார்கள். அது அவருக்குத் தாங்கவில்லை. வெளியே வரும்போது ஆர்னி தயங்கித் தயங்கி, கட்டி முடித்துவிடு, ஏரியைத் தாண்ட நான் ஓட்டுகிறேன், நீ பக்கத்தில் உட்கார்ந்துகொள் என்றார்.

"அப்ப மார்லிஸ் எங்க உக்காருவா?" என்றார் வெர்லின். "ரெண்டே சீட்டு."

ஆர்னி தொப்பியைக் கழற்றி, தலையைச் சொறிந்து, திரும்பப் போட்டுக்கொண்டார்.

காரை இனி கராஜுக்குள் விடலாமா என்று மார்லிஸ் கேட்பாள் என்று வெர்லின் காத்திருந்தார். கேட்கவேயில்லை. எப்போதும்போல வெளியே நின்று கார்க் கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டினாள். மகளைப் பார்க்கத் தனியாகவே கிளம்பினாள். முழங்கால் வலி, அவ்வளவு தூரம் உட்கார முடியாது என்று வெர்லின் சொல்லியிருந்தார்.

கார் தெருமுனையில் திரும்பியதும் கராஜுக்குள் போனார். இறக்கைகள் போர்வையைச் சுற்றிக்கொண்டு சுவரோரம் நின்றன. வேலிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, முழங்கால் வலி ஏதுமில்லாமல் விமானத்தில் ஏறி உட்கார்ந்தார். பக்கத்து சீட்டின் பெல்ட்டை இழுத்து மாட்டினார். பிறகு தம்முடையதை.

விமானத்தின் மூக்கில் காற்றாடி வரவேண்டிய இடத்துக்குக் கீழே ஆர்னியின் பூனை படுத்திருந்தது.

"விலகு," என்றார் மெதுவாக.

பூனை நகரவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். கிளம்ப நேரமாகிவிட்டது. உதட்டைக் குவித்தார்.