தயிர்ச் சட்டி வைத்த இடம்

கிண்ணியாவில் பெண் எடுத்தவன் பெண் வீட்டோடுதான் இருப்பான். அது அங்கே வழமை. இறக்கக்கண்டியிலிருந்து வந்த ஸாஜித்தும் கலியாணம் முடித்த நாளிலிருந்து மாமி லைலாவின் வீட்டில்தான் குடியிருக்கிறான். மாமி சொன்ன சொல்லுக்கு மறுசொல் அவன் வாயிலிருந்து வந்ததேயில்லை. அன்று காலை வந்தது.

மகன் அஷ்பாக்கின் இதயத்தில் ஓட்டை. நாலு வயதுப் பிள்ளைக்கு மறுநாள் கொழும்பில் சத்திரசிகிச்சை. பயம் பிடித்தவனுக்குக் கை சும்மா இருக்குமா? ஸாஜித் விடிந்ததிலிருந்து காரின் டிக்கியோடுதான் நின்றான். பாரமான பெட்டியைச் சீட்டின் முதுகோடு ஒட்டிக் கீழே வைத்தான். பைகளை இடைவெளிகளில் செருகினான். கயிறு போட்டு இழுத்து இழுத்துப் பார்த்தான். கத்தி படப்போகிற நெஞ்சுக்கு அவனால் ஒன்றும் செய்ய முடியாது. இதையாவது ஒழுங்காகச் செய்யலாம்.

அப்போதுதான் மாமி பெரிய எருமைத் தயிர்ச் சட்டி ஒன்றைச் சுமந்துகொண்டு வந்தாள். டொக்டருக்கென்று தன் கையாலேயே உறை ஊற்றியது. அதைப் பின்கண்ணாடிக்குக் கீழே இருந்த தட்டில், அஷ்பாக் இருக்கும் இடத்துக்கு நேர் பின்னால், பக்குவமாக வைத்தாள்.

ஸாஜித் அதை எடுத்து முன்சீட்டுக்குப் பின்னால் காலடியில் இறக்கினான்.

“அங்க வைக்க ஏலாது மாமி. பிரேக் போட்டா புள்ளைட தலையில வந்து விழும்.”

“டொக்டர் தின்னுற சாமான். கால் படுற இடத்திலயா வைக்கிற?” மாமி விடவில்லை. “நம்மட புள்ளைய அறுக்கிற மனிசன்ட முகத்தில வெறுங்கையோட போய் முழிக்க ஏலுமா?”

“கொண்டுதான் போறம். ஆனா சட்டி கீழதான்.”

மனைவி ஸல்ஹா யார் பக்கமும் பேசாமல் பிள்ளைக்குப் பெல்ட்டை மாட்டினாள். மாமி வழியனுப்ப வாசலுக்கு வரவில்லை. ‘இன்றைக்குப் பார்த்தா அவளை நோகடித்தேன்?’ என்று கந்தளாய் தாண்டியும் ஸாஜித்தின் மனம் அரித்துக்கொண்டே வந்தது.

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். காட்டு யானைக்கு மணி கட்டியவர் யார்? ஹபரணைக்குக் கிட்ட, வளைவு திரும்பியதும் நடுறோட்டில் கன்றோடு ஒன்று நின்றது. ஸாஜித் பிரேக்கை மிதித்தான்.

டிக்கியில் எதுவும் அசையவில்லை. சட்டிக்கு மட்டும், அந்த வாக்குவாதத்தில், அண்டை கொடுக்க மறந்திருந்தான். அது சறுக்கி முன்சீட்டின் இரும்பில் மோதிப் பிளந்தது. அஷ்பாக்கின் காலில் கிடந்த சப்பாத்தெல்லாம் தயிர். அதைப் பார்த்துப் பிள்ளை சிரித்தான்.

யானை காட்டுக்குள் இறங்கிய பிறகு ஸாஜித் காரை ஓரம் கட்டி, மாமிக்குப் போன் எடுத்தான்.

“மாமி, யானைக்குப் பிரேக் போட்டனான். சட்டி உடைஞ்சிட்டு.”

ஏச்சு வரும் என்று காத்திருந்தான். வரவில்லை.

“எங்க கிடந்து உடைஞ்ச?”

“காலடியில.”

போனில் மாமியின் விம்மல் கேட்டது.

“நான் வச்ச இடத்தில இருந்திருந்தா...” மாமியால் முடிக்க முடியவில்லை. ஸாஜித்துக்கும் கண் நிறைந்துவிட்டது.

“புள்ளைட தலையத் தடவிப் பாருங்க மகன்.”

“ஒண்டுமில்ல மாமி. சிரிக்கிறான்.”

“அல்ஹம்துலில்லாஹ்,” என்றாள் மாமி. “வெறுங்கையோடயே போங்க.”