மூன்றாம் பத்து

மகன் ஜின்டோ போய்ச் சேர்ந்து எட்டு மாதமாகியும் கொச்சுத்ரேசியாவுக்கு வயிற்றெரிச்சல் அடங்கவில்லை. சாலக்குடி வளைவில் அவனை அடித்துப் போட்ட லாரிக்காரன் மேல் என்றாலும் நியாயம் உண்டு. எரிச்சலெல்லாம் மருமகள் லிஜியின் மேல்தான். பெற்றவள் உலையில் அரிசி போட மறந்து அழுதுகொண்டிருக்கும்போது, கட்டியவள் காலைப் பூசை கண்டு தெளிந்த முகத்தோடு வந்து கப்பைக்கிழங்கு நறுக்க உட்கார்ந்தால் யாருக்குத்தான் பொறுக்கும்?

போதாக்குறைக்கு ஊரே அவளை மெச்சியது. இந்த விசுவாசம் யாருக்கு வரும், சின்ன வயதில் எப்படித் தேறிவிட்டாள் பாருங்கள் என்று பக்கத்து வீட்டு ஆலீஸ் வேலியோரம் நின்று உருகினாள்.

"தேறுவா, தேறுவா. பத்து மாசம் சுமந்தவளா அவ?" என்று வெடுக்கென்று உள்ளே போய்விட்டாள் கொச்சுத்ரேசியா.

அவளும்தான் முட்டி தேய மாதாவிடம் மன்றாடினாள். மகனைப் பறிகொடுப்பது என்னவென்று மாதாவுக்குத் தெரியாதா? அப்படியிருக்க, ஆறுதலைத் தாய்க்குக் கொடுக்காமல் மருமகளுக்குக் கொடுத்தது என்ன நியாயம்?

எல்லாவற்றையும்விட அவளை அறுத்தது மூன்றாம் பத்து. தினமும் மாலை ஏழு மணிக்கு வீட்டில் ஜெபமாலை. ஒருவர் 'அருள் நிறைந்த மரியே' என்று முன்பாதி சொல்ல, மற்றவர்கள் சேர்ந்து பின்பாதியைச் சொல்லி முடிப்பார்கள். பத்துப் பத்து மணிகளாக ஆளுக்கு ஒரு பங்கு. முதல் பத்து கொச்சுத்ரேசியா, இரண்டாவது அவள் கணவர் பைலி, மூன்றாவது ஜின்டோ, நான்காவது லிஜி, ஐந்தாவது மறுபடியும் பைலி. சின்னப் பையனாகக் கோயிலில் புது நன்மை வாங்கிய வயதிலிருந்து மூன்றாவதை அவன்தான் சொல்லி வந்தான். அடக்கம் முடிந்த மாலை, அந்த இடம் வந்ததும் எல்லாரும் திணறி நிற்க, லிஜி தொடங்கிவிட்டாள். அதோடு அது அவளுடையதாகிவிட்டது. தன் பங்கு போதாதென்று அவன் பங்கையும் யாரைக் கேட்டு எடுத்தாள்?

மே மாதத்தில் ஒருநாள் பைலி தங்கை வீட்டுக்குப் போயிருந்தார். மாமியாரும் மருமகளும் மட்டும் முழந்தாளிட்டார்கள். இதுதான் சமயம் என்று கொச்சுத்ரேசியா வாயைத் திறந்தாள்.

"முதல் ரெண்டும் நீ சொல்லு. மூணாவது எனக்கு."

லிஜியின் முகம் செத்துப்போனது. "அது மட்டும் வேண்டாம் அம்மச்சி."

வலிக்கட்டும், நன்றாக வலிக்கட்டும் என்று நினைத்துக்கொண்டாள் கொச்சுத்ரேசியா. மூன்றாவது வந்ததும் ஜெயித்தவள் குரலில் முன்பாதியைச் சொன்னாள். லிஜி பின்பாதியைத் தொடங்கினாள். "பாவிகளாயிருக்கிற எங்களுக்காக, இப்பொழுதும் எங்கள்..." அதற்கு மேல் சத்தமில்லை. சற்று விட்டு "வேண்டிக்கொள்ளும்" என்றாள். அடுத்த மணியிலும் அதேதான். அதற்கடுத்ததிலும்.

"என்னடி நடுவுல முழுங்குறே?"

"மரண நேரம்னு சொல்ல வாய் வரல அம்மச்சி. எட்டு மாசமா வரல. அப்பச்சனும் நீங்களும் போடற சத்தத்துல யாருக்கும் தெரியல." லிஜி தலையைத் தூக்கவில்லை. "முன்பாதி சொல்றவங்களுக்கு அந்த வார்த்தை கிடையாதே. அதுக்குத்தான் ஜின்டோ சேட்டனோட பத்தையும் எடுத்துக்கிட்டேன்."

கொச்சுத்ரேசியாவின் கையில் மணி நின்றுவிட்டது. "அப்ப கோயில்ல, பூசைக்கு முன்னாடி சொல்ற ஜெபமாலையில?"

"அங்க அத்தனை பேரும் எனக்கும் சேர்த்துச் சொல்லிடறாங்க. நான் சும்மா நடுவுல நிக்கறேன். அதுதான் எனக்கு ஆறுதல்."

இத்தனை நாளாக இதற்கா வயிறெரிந்தோம் என்று கொச்சுத்ரேசியாவுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. மாதா படத்தை ஏறிட்டுப் பார்த்தாள். அப்புறம் மூக்கைச் சீந்திக்கொண்டு ஜெபமாலையை லிஜியின் கையில் திணித்தாள்.

"மூணாவது உன்னுதுதான். நாலாவது மணியில நிக்குது, சொல்லு."

லிஜி முன்பாதியைச் சொன்னாள். கொச்சுத்ரேசியா பின்பாதியை எடுத்தாள். அந்த வார்த்தைக்கு வந்தபோது குரல் உடைந்தது. ஆனாலும் விடவில்லை. 'எங்கள் மரண நேரத்திலும்' என்று இருவருக்கும் சேர்த்துச் சொல்லி முடித்தாள்.