கல்லில் ஏறிய ரொட்டிக்காரர்

இத்தாலியில், போ ஆற்றங்கரையில், பெயர் சொன்னால் யாருக்கும் தெரியாத ஓர் ஊரில் நான் வரலாற்று ஆசிரியை. அச்சு வந்தது, அறிவு பரவியது என்று கிளிப்பிள்ளைகளாக ஒப்பிக்கும் என் மாணவர்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. அதே அச்சில் பொய்யும் அதே வேகத்தில் பரவியது என்று காட்டத்தான் மறுமலர்ச்சிக் காலத்தைப் பற்றி ஒரு பக்கம் தயாரித்துக் கொடுத்தேன். ஒரே ஒரு வரி மட்டும் என் கற்பனை. சுற்றுவட்டாரத்தின் முதல் அச்சுக்கூடத்தை வைத்தவர் நம்மூர் ரொட்டிக்காரர் அன்செல்மோ புருசாத்தி என்று எழுதியிருந்தேன். அப்படி ஓர் ஆள் பிறக்கவே இல்லை. எது பொய் என்று தேடிக் கண்டுபிடித்து வாருங்கள் என்றேன்.

ஒருவர்கூடத் தேடவில்லை. அதோடு விட்டார்களா, வீட்டில் வேறு காட்டிவிட்டார்கள். எங்களுக்கும் அக்கரை ஊருக்கும் பூசணிப் பூரணம் வைத்த மாவுப் பண்டமான தோர்த்தெல்லி யார் வீட்டுச் சொத்து என்பதிலிருந்து மணிக்கூண்டு உயரம் வரை சண்டை. அக்கரையில் பழைய அச்சுக்கூடம் ஒன்று உண்டு, அதை வைத்து அவர்கள் அலட்டாத நாள் கிடையாது. நம் ரொட்டிக்காரர் அவர்களுக்கும் முந்தியவர் என்றதும் ஊரே துள்ளியது. பெற்றோரின் வாட்ஸப் குழுவில் ஓடி, உள்ளூர்ப் பத்திரிகையிலும் வந்துவிட்டது.

வகுப்பில் உண்மையைப் போட்டு உடைத்தேன். பத்திரிகைக்கு மறுப்பு அனுப்பினேன், போடவில்லை. மேயரிடமே போனேன். அவர் எனக்குக் காப்பி வரவழைத்தார்.

"அக்கரைக்காரன் மூஞ்சி போன போக்கப் பாத்தீங்களா, டீச்சர்? இப்பப் போயி ஏன் கெடுக்குறீங்க?"

அடுத்த மாதமே மேயருக்குரிய மூவர்ணப் பட்டையை மாட்டிக்கொண்டு சதுக்கத்தில் புருசாத்திக்குப் பளிங்குக் கல் திறந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஜூனில் பள்ளி இறுதித் தேர்வு. வாய்மொழித் தேர்வை எந்த எழுத்துக் குடும்பப் பெயரிலிருந்து தொடங்குவது என்று சீட்டுக் குலுக்கியதில் 'Z' வந்தது. அந்த எழுத்தில் தொடங்கும் பெயர்க்காரி, லாரி ஓட்டுநர் மகள் நோயெமி சான்கெத்தாதான் முதல் ஆள். நூற்றுக்கு நூறு வாங்கினால் அவளுக்குப் பல்கலைக்கழகக் கட்டணம் கிடையாது. குறைந்தால் அத்தையோடு தக்காளி ஆலைக்குத்தான் போக வேண்டும். எழுத்துத் தேர்வுகளில் ஒரு மதிப்பெண்ணைக்கூட விடாதவள்.

மேசைக்குப் பின்னால் எங்களோடு வெளியூர்த் தேர்வாளர்களும் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் காலையில் சதுக்கத்தில் காப்பி குடித்துவிட்டு வந்தவர். புருசாத்தியைப் பற்றிச் சொல்லேன் என்று ஆசையாகக் கேட்டார்.

"அப்படி யாரும் இல்லீங்க சார். எங்க டீச்சர் எங்கள சோதிக்கக் கட்டிவிட்ட ஆளு."

அவர் முகம் சுருங்கியது. ஆமாம், நான்தான் எழுதினேன் என்றேன். இல்லாத ஆளுக்கு நான் என்ன ஆதாரம் காட்டுவது?

"உங்க வகுப்புப் பொண்ணக் காப்பாத்தப் பாக்குறீங்க, புரியுது மேடம். ஆனா கல்லுலயே வெட்டி வெச்சிருக்காங்களே?"

தலைமைத் தேர்வாளர் நேரமாகிறது என்றார். அவளுக்கு மதிப்பெண் குறைப்பதா என்று வாக்கெடுத்தார்கள், நான் தோற்றேன். பின்வரிசையில் வேடிக்கை பார்த்திருந்த மற்ற பிள்ளைகள் சுதாரித்துக்கொண்டார்கள். என் வகுப்பில் உட்கார்ந்து உண்மையைக் கேட்டவர்கள், ஒருவர்பின் ஒருவராக வந்து, என் முகத்துக்கு நேரே ரொட்டிக்காரரின் புகழ் பாடினார்கள். ஒருவன் அவருடைய அடுப்பைக்கூட வர்ணித்தான். முழு மதிப்பெண்.

முடிவுகளை ஒட்டிய அன்று நோயெமி பலகை முன்னால் நின்றிருந்தாள். தொண்ணூற்றெட்டு. மேல்முறையீடு செய்யலாம், நானே எழுதித் தருகிறேன் என்று ஏதேதோ உளறினேன். அவள் அழவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"பொய்யின்னு எல்லாருக்கும் சொல்லித்தான் குடுத்தீங்க. நான் ஒருத்திதான் நம்பிட்டேன், டீச்சர்."