சிரிப்புப் படத்துக்கு எச்சரிக்கை இல்லை

என் தம்பிக்குச் சம்பளம் கொடுப்பதே படம் பார்க்கத்தான். ஜன்னல் இல்லாத அறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, இன்னும் வெளிவராத படங்களைப் பார்ப்பான். 'புகை, மது, ரத்தக் காட்சிகள் உள்ளன' என்று தொடக்கத்தில் திரையில் வருமே, அந்த ஒற்றை வரியை எழுதுவது அவன் வேலை. அதை யார் படிக்கிறார்கள்? என் கணவர் போன பிறகு நான் படிக்க ஆரம்பித்தேன்.

அவர் தூக்குப் போட்டுக்கொண்டார். மகளிடம் மாரடைப்பு என்று சொல்லி வைத்திருக்கிறேன். பத்து வயதுப் பிள்ளையிடம் வேறென்ன சொல்வது? சொந்தக்காரர்கள் வாயையெல்லாம் அடைத்தேன். பள்ளிக்கூடத்தை மாற்றினேன். தம்பியைக் கேட்காமல் எந்தப் படத்துக்கும் அவளைக் கூட்டிப்போனதில்லை.

இந்தப் படத்துக்கு அவனே போன் பண்ணினான். "தைரியமா கூட்டிட்டுப் போக்கா. முழுக்கக் காமெடி. நான் வயிறு வலிக்கச் சிரிச்சேன்."

இடைவேளைக்குப் பிறகு, காதலி திட்டிவிட்டாள் என்று கதாநாயகன் கயிறும் கையுமாக மரத்தில் ஏறினான். கிளை ஒடிந்து, கீழே நின்ற அவளுடைய அப்பா மேல் விழுந்தான். அரங்கமே அதிர்ந்தது. மறுபடியும் ஏறினான், மறுபடியும் விழுந்தான். கண்ணை மூடினால் எங்கள் படுக்கையறை தெரிந்தது. மகள் பக்கம் திரும்பவே பயமாக இருந்தது.

அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். பாப்கார்ன் பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மற்றவர்கள் அடங்கிய பிறகும் சத்தமாகச் சிரித்தாள். போன உயிர் எனக்குத் திரும்பி வந்தது. இவளுக்கு ஒன்றும் தெரியாது.

படம் முடிந்ததும் அவளைக் கழிப்பறைக்கு அனுப்பிவிட்டுத் தம்பியைப் போனில் பிடித்தேன்.

"உனக்குக் கண்ணு எங்கடா போச்சு? அந்தக் கயிறு சீனைப் பார்த்தியா இல்லையா?"

"அது வெறும் காமெடிதானேக்கா. ஆள் செத்தாத்தான் எழுதச் சொல்லியிருக்காங்க. இதுல சாகலையே." பிறகு அவன் குரல் இறங்கியது. "சத்தியமா மாமா ஞாபகமே வரலக்கா."

அதுதான் எனக்கு ஆறவில்லை. அவரைக் கீழே இறக்கிக் கிடத்தியவனே இவன்தான். வயிறு வலிக்கச் சிரித்தானாம்.

"இனிமே என் வீட்டு வாசப்படி மிதிக்காதே" என்று வைத்துவிட்டேன்.

பஸ்ஸில் மகள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பொட்டலம் இன்னும் அவள் மடியில் இருந்தது. ஒன்றுகூடத் தின்னவில்லை. வாங்கிக் கொடுத்தபடியே இருந்தது.

"பிடிக்கலையாடி?"

அவள் வெளியே பார்த்துக்கொண்டே, "மாமாவத் திட்டினியாம்மா?" என்றாள்.

"எதுக்குத் திட்டணும்?"

"திட்டாதேம்மா. நீ அழுதுடுவியோன்னுதான் நான் அவ்வளவு சத்தமா சிரிச்சேன்."

எப்போதிலிருந்து தெரியும் என்று நான் கேட்கவில்லை. பொட்டலத்தைப் பிரித்து அவளிடம் நீட்டினேன். எனக்காக ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.