கடல் கொந்தளிக்காத கிழமை

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. ஒரு மனிதர் என் வீட்டுக்கு வந்து, கதிரையில் இருந்து, தேத்தண்ணி குடித்து முடித்து, "டீச்சர், என்னை எழுதுங்க" என்று தந்துவிட்டுப் போன கதை இது. எத்தனையோ வருடமாக எழுதுகிறேன். எல்லோரும் "என்னை எழுதிப்போடாதேங்கோ" என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். சிலர் அதை அச்சில் வந்த பிறகு சொன்னார்கள்.

ஆரம்பத்தைப் பல விதமாக எழுதிப் பார்த்தேன்.

"கொட்டியாரக் குடா அன்று கண்ணாடியைப் போல…" (எல்லோருடைய கடலும் கண்ணாடிதான். விட்டுவிட்டேன்.)

"றஊப்பின் கண்களில் ஒரு சோகம்…" (வந்த மனிதர்தான் றஊப். அவர் மூக்குக்கண்ணாடி போட்டிருந்தார். யன்னல் வெளிச்சம் அதில் பட்டு, கண்ணே தெரியவில்லை. விட்டுவிட்டேன்.)

"உறவு என்பது" (இதற்கு மேல் பேனை ஓடவில்லை. பேனைக்கு என்னைவிடப் புத்தி கூட.)

2

கதைக்குள் போக முன்னர் ஒரு விஷயம். போன வருடம், அதாவது எழுபத்தைந்தில், ரவுணில் (பட்டணத்தில்) நடந்த ஓர் இலக்கியக் கூட்டத்தில் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். தலைப்பு 'அனுபவமும் படைப்பும்'. அனுபவத்தை உடனே எழுதக்கூடாது, அது மனதுக்குள் புதைந்து, ஊறி, தானாக முளைவிட வேண்டும் என்று பேசினேன். கைதட்டினார்கள். மாலையும் போட்டார்கள்.

உண்மை வேறு. எனக்கு வீடு ரவுணுக்குக் கிட்ட அன்புவழிபுரத்தில், பள்ளிக்கூடம் குடாவுக்கு அந்தப் பக்கம் மூதூரில். காலையில் லோஞ்ச் என்ற மோட்டார்ப் படகில் போய் பின்னேரம் அதிலேயே வருகிறேன். லோஞ்சில் சனம் கதைக்கும். நான் குடையை மடியில் வைத்துக்கொண்டு கடலைப் பார்ப்பதுபோல இருந்து கேட்பேன். வீட்டுக்கு வந்து பெயரை மாற்றுவேன், மூதூர் ஆளைத் திரியாய்க்கு அனுப்புவேன், கொஞ்சம் மழையைப் பெய்ய விடுவேன். கதை தயார். இதைக் கூட்டத்தில் சொன்னால் மாலையைக் கழற்றி வாங்கியிருப்பார்கள்.

அந்தக் கூட்டம் முடிந்த கையோடு அபூதாஹிருடைய பல் விவகாரம் வந்தது. அபூதாஹிர் வெங்காய வியாபாரி. நடுக்கடலில் வாய்விட்டுச் சிரித்தபோது தன் புதுப் பொய்ப்பல் தண்ணிக்குள் விழுந்ததை அவரே லோஞ்ச் முழுக்கக் கேட்கச் சொல்லிச் சிரித்தவர். நான் அவரைத் திரியாயில் ஒரு ஓய்வுபெற்ற தபாலதிபர் ஆக்கினேன். மழையும் பெய்தது. கதை வந்த மறுநாளே லோஞ்சில் எல்லோரும் கண்டுபிடித்துவிட்டார்கள். அபூதாஹிர் கோபிக்கவில்லை. "எல்லாம் சரி டீச்சர், மழை எதுக்கு?" என்று மட்டும் கேட்டார்.

அதிலிருந்து நான் போய் இருந்ததும் கதை நின்றுவிடும். அரிசிக் கூப்பனைப் பற்றிக் கதைப்பார்கள், வானத்தைப் பற்றிக் கதைப்பார்கள். நான் ஒரு வரி எழுதி மாதக்கணக்காகிவிட்டது. பயந்துபோனேன், அதை மறைக்க விரும்பவில்லை. எழுத வராவிட்டால் நான் வெறும் டீச்சர்தான். அதிலும் அவ்வளவு நல்ல டீச்சர் இல்லை.

3

இந்த நிலையில்தான் றஊப் வந்தார். ரவுணில் லோஞ்ச் வந்து கட்டும் ஜெற்றிக்குக் கிட்ட சின்னதாக ஒரு றேடியோ திருத்தும் கடை வைத்திருப்பவர். ஐம்பது வயதிருக்கும்.

"என்ட ராத்தா உங்கட கதையெல்லாம் வாசிக்கிறவ டீச்சர். ஞாயித்துக்கிழமைப் பேப்பர்ல அவ ரெண்டே ரெண்டுதான் பாப்பா. ஒண்டு மரண அறிவித்தல், மத்தது கதை. நான் முதல்ல ஒரு மரண அறிவித்தல் போடுவமெண்டுதான் யோசிச்சனான்."

"ஆருக்கு?"

"எனக்குத்தான்."

என் கணவர் யோகராசா வாசித்துக்கொண்டிருந்த பேப்பரைக் கீழே இறக்கிப் பார்த்தார்.

"பிறகு வீட்டில ஏசினாங்க. அதான் கதைக்கு வந்தனான்" என்றார் றஊப்.

ராத்தா என்றால் அக்கா. பெயர் றஹ்மா. மூதூரில் இருக்கிறார். உம்மா மௌத்தான பிறகு தாயில்லாத சின்ன றஊப்புக்குச் சோறு தீத்தி, தலை இழுத்து, பள்ளிக்கூடம் அனுப்பி வளர்த்தது அவர்தான். ஆறு வருடமாகத் தம்பியோடு கதை பேச்சில்லை.

எங்கள் பகுதியில் கலியாணத்துக்கு நேரில் போய்ச் சொல்ல வேண்டும். தமிழர் வீடென்றாலும் முஸ்லிம் வீடென்றாலும் அப்படித்தான். அதுவும் கூடப்பிறந்தவர்களுக்கு, வீட்டுக்காரரே வாசலில் போய் நின்று சொல்ல வேண்டும். றஊப் தன் மூத்த மகள் நஜ்முன் நிஸாவின் கலியாணத்துக்கு ராத்தாவிடம் தான் போகாமல், மனைவியின் தம்பியை அனுப்பினார். ராத்தா வரவில்லை. அதற்குப் பிறகு றஊப் எத்தனையோ தரம் மூதூருக்குப் போய்த் தட்டியும் கதவு திறக்கவில்லை. உள்ளே றேடியோச் சத்தம் மட்டும் மெல்லியதாகக் கேட்குமாம்.

இப்போது றஊப் வீட்டில் ஒரு விசேஷம் வருகிறது. இரண்டாவது மகளுக்கு. (என்ன விசேஷமென்று இந்தக் கதையில் வராது. அது றஊப் போட்ட முதலாவது நிபந்தனை. ராத்தாவிடம் நேரில் சொல்ல முன்னர் அந்தச் சொல் அச்சில் வரக்கூடாதாம். நீங்கள் ஊகித்துக்கொள்ளலாம், அதற்குத் தடையில்லை.)

"நான் ஒவ்வொரு நாளும் மூதூருக்குத்தானே போறன். நானே போய்ச் சொல்லிவிடட்டே?" என்று கேட்டேன்.

"ஆளனுப்பினதுதானே பிழை. திருப்பியும் ஆளனுப்பச் சொல்றீங்களா?"

"கதை எழுதுறதும் ஆளனுப்புறதுதானே?"

"கதை கதவைத் திறக்க வைச்சாப் போதும் டீச்சர். சொல்ல வேண்டியதை நான் போய்ச் சொல்லுவன். அவ இல்லாம எனக்கு அந்த விசேஷம் வேணாம்."

மற்ற நிபந்தனைகள்: பெயரை மாற்றக்கூடாது, மாற்றினால் ராத்தா வேறு யாரோ என்று நினைத்துவிடுவார். திரியாய்க்கு அனுப்பக்கூடாது. மழை கூடாது.

"எல்லாத்தையும் எடுத்திட்டால் நான் எதை எழுதுறது?"

"நடந்ததை எழுதுங்க."

இத்தனை வருடத்தில் அப்படி ஒரு வழி இருக்கிறதென்று எனக்குத் தோன்றியதில்லை. அவர் போன பிறகு யோகராசா, "உமக்கு ஒரு ஆள் தானா வந்து மாட்டியிருக்கு" என்று சொல்லிவிட்டு மரண அறிவித்தல் பக்கத்தைத் திருப்பினார்.

4

பாத்திரத்தைச் சந்தேகிப்பது என் தொழில். "ஏன் நீங்கள் போகேல்ல?" என்று அன்றே கேட்டிருந்தேன். அந்தக் கிழமை கடல் கொந்தளித்தது, லோஞ்ச் ஓடவில்லை, தரைவழியாகச் சுற்றிப் போக மனைவியின் தம்பிக்குத்தான் நேரம் இருந்தது என்று சொன்னார். சித்திரை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் தொடங்கிய கிழமையாம். அதை வைத்து ஒரு பக்கம் எழுதினேன். அலை எழுந்தது, காற்று ஊளையிட்டது, ஜெற்றியில் ஒரு மனிதன் தனியாக நின்றான். நல்ல பக்கம். மழை பெய்யவில்லை, வாக்குத் தவறவில்லை.

எழுதி முடித்த பிறகுதான் ஞாபகம் வந்தது. நான் மூதூருக்கு மாற்றலாகிப் போன முதல் கிழமை அது. லோஞ்சில் ஏறிப் பழக்கமில்லாததால் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு போனேன். பிடிக்கத் தேவையே இருக்கவில்லை, கடல் சும்மா கிடந்தது. பக்கத்தில் இருந்த மனிசி என் கையைப் பார்த்துச் சிரித்தாள்.

மறுநாள் றஊப்பின் கடைக்குப் போனேன்.

"றஊப், அந்தக் கிழமை லோஞ்ச் ஓடினது. நான் அதில இருந்தனான்."

அவர் ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்த கோலைக் கீழே வைத்தார். பாடிக்கொண்டிருந்த றேடியோவை நிற்பாட்டினார்.

"ஓம். ஓடினதுதான். நான் ஜெற்றி வரைக்கும் வந்தனான். ஏறேல்ல."

ராத்தாவுக்கு அன்ஸார் என்று ஒரு மகன். நஜ்முன் நிஸாவுக்கு மச்சான் முறை. அவள் தொட்டிலில் கிடந்த காலத்திலிருந்தே ராத்தா அவளை 'மருமகள்' என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். வளர்ந்ததும் பிள்ளை மாட்டேன் என்றுவிட்டது.

"பிள்ளையைக் கட்டாயப்படுத்த எனக்கு மனம் வரேல்ல. வேற இடத்தில பேசி முடிச்சம். அதை ராத்தாட முகத்தைப் பாத்து என்னெண்டு சொல்ற? அதான் மனிசிட தம்பியை அனுப்பினனான். கடல் சரியில்லையெண்டு சொல்லச் சொன்னனான்." கோலைத் திரும்பக் கையில் எடுத்தார். "சொல்லிச் சொல்லி நானே அதை நம்பிட்டன்."

"இதை எழுதலாமா?"

"இதைத்தானே எழுதோணும்."

(என் புயல் பக்கம் வீணாகிவிட்டது. கிழிக்கவில்லை. வேறு யாராவது பொய் சொன்னால் உதவும்.)

5

இரண்டு பக்கத்தையும் கேட்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டதும் றஹ்மா வீட்டுக்குப் போனேன். [இந்த வசனம் அவ்வளவு உண்மையில்லை. பார்க்க வேண்டும்போல இருந்தது, போனேன்.]

எனக்குக் கதவு உடனே திறந்தது. மெலிந்த மனிசி, தலையில் முக்காடு, மூக்கில் தம்பியுடையதைப் போலவே ஒரு கண்ணாடி. அலுமாரிக்கு மேலே றேடியோ கரகரத்துக்கொண்டிருந்தது. செய்தி வாசிப்பவர் பொரியலுக்குள் நின்று வாசிப்பதுபோல இருந்தது.

"கதை எழுதுற டீச்சர்தானே? இரிங்க. உங்கட கதையில மழை கூட."

"குறைச்சுக்கொண்டு வாறன்."

"முடிவையும் நீங்களே முடிச்சிடுறீங்க. கடைசியில எல்லாரும் அழுறாங்க. வாசிக்கிறவளுக்கு ஒண்டும் மிச்சமில்ல."

இலக்கியக் கூட்டத்தில் யாரும் இதைச் சொல்லவில்லை. பேச்சை மாற்ற, றேடியோவைத் திருத்தக் கொடுக்கலாமே என்றேன்.

"இஞ்ச ஒருத்தன் திருத்தினான். பிறகுதான் கூடக் கரகரக்குது."

"ரவுணில…"

"ரவுணில நல்லாத் திருத்துற ஆள் இருக்கு. தெரியும்." தேத்தண்ணியை என் முன்னால் வைத்தார். "இது எனக்குப் பழகிட்டுது."

(இந்த இடத்தில் 'அந்தக் கரகரப்பு இரண்டு மனங்களுக்கு நடுவில்' என்று ஒரு வசனம் எழுதினேன். அடித்துவிட்டேன். றேடியோ கரகரத்தது, ஏனென்றால் அது பழுது.)

எழும்பி வாசலுக்கு வந்தபோது கேட்டார்.

"டீச்சர், அவன் அனுப்பின ஆளா நீங்க?"

"இல்லை. கதைக்கு வந்தனான்."

"அப்ப சரி. எழுதுங்க. நான் கதவைத் திறந்தனா இல்லையா எண்டு மட்டும் எழுதிப்போடாதீங்க. அது என்ட வேலை."

6

அதைக் கேட்டுவிட்டு வந்தும் முடிவுகள் எழுதினேன். பழக்கதோஷம்.

அ) கதவு திறக்கிறது. இருவரும் கட்டிப்பிடித்து (வேண்டாம், கடைசியில் எல்லோரும் அழுகிறார்கள்.)

ஆ) கதவு திறக்கவில்லை. றஊப் திரும்பி நடக்கிறார். லோஞ்சின் சத்தம் தூரத்தில் (அந்த மனிதரிடம் இதை எந்த முகத்தோடு காட்டுவது?)

இ) அன்ஸார் வந்து திறந்துவிடுகிறான். (அன்ஸார் கலியாணம் முடித்து இரண்டு பிள்ளைகளோடு தோப்பூரில் சந்தோஷமாக இருக்கிறான். அவனுக்கு யாரோடும் கோபமில்லை. அதனால் இந்தக் கதையில் அவனுக்கு வேலையும் இல்லை.)

ஈ) மழை

எல்லாவற்றையும் றஊப்பிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். முதலிலிருந்து வாசித்தார். கடையில் இரண்டு பேர் வந்து நின்றுவிட்டுப் போனார்கள், அவர் நிமிரவில்லை. ஐந்தாம் பகுதிக்கு வந்ததும் அங்கேயே நின்றுவிட்டார். முடிவுகளின் பக்கம் போகவே இல்லை.

"டீச்சர், றேடியோ எப்பிடிக் கரகரத்தது? விட்டு விட்டா, தொடர்ந்தா?"

"தொடர்ந்து."

"சத்தத்தைக் குறைச்சாலும் கரகரக்குதா?"

"அவ குறைக்கேல்ல."

"கண்டென்சராத்தான் இருக்கோணும்." பக்கத்தை மடித்து வைத்தார். "பெரிய வேலையில்ல. அரைமணித்தியாலம். ஆறு வருசமா அவ அதையா கேட்டுட்டு இருக்கிறா?"

மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சாரம் நுனியால் துடைத்தார். துடைத்து முடிந்த பிறகும் போட்டுக்கொள்ளவில்லை. கண்களைப் பற்றிய அந்த இரண்டாவது ஆரம்பத்தை நான் அவசரப்பட்டு விட்டுவிட்டேன் என்று அப்போது தெரிந்தது.

7

இது ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் வரும். அடுத்த வெள்ளிக்கிழமை றஊப் மூதூருக்குப் போவார். அதே பின்னேரம் நான் பள்ளிக்கூடம் முடிந்து மறுபக்கமாக வந்துகொண்டிருப்பேன். குடாவின் நடுவில் இரண்டு லோஞ்சும் ஒன்றையொன்று கடக்கும். கை காட்டுவேன், அவ்வளவுதான். என்ன நடந்ததென்று கேட்கமாட்டேன். சனிக்கிழமைக்குள் லோஞ்சில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். எனக்கு மட்டும் சொல்லமாட்டார்கள்.

கதையின் முடிவை வாசகரிடம் விடுவது எழுத்தாளர்களின் வழக்கம். முடிவு தெரியாதபோது நானும் அப்படிச் செய்திருக்கிறேன். இந்தத் தரம் அப்படியில்லை. இதை முடிக்கக்கூடிய வாசகர் ஒருவர்தான், அவர் மூதூரில் இருக்கிறார். மற்றவர்கள் தயவுசெய்து மன்னிக்க வேண்டும்.

கடைசிப் பந்தியைத் தான் சொல்வதாகவும், ஒரு சொல்லும் மாற்றாமல் எழுத வேண்டுமென்றும் றஊப் கேட்டார். கடையில் இருந்த எல்லா றேடியோவையும் நிற்பாட்டிவிட்டுச் சொன்னார். எழுதிக்கொண்டேன்.

"ராத்தா, றஊப் கதைக்கிறன். அந்தக் கிழமை கடல் கொந்தளிக்கேல்ல. லோஞ்ச் ஓடினது. நான்தான் ஏறேல்ல. உங்கட முகத்தைப் பாக்கப் பயந்து ஏறேல்ல. வாற வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்ச கையோட வாறன். ஒரு விசயம் சொல்ல இருக்கு, அதை வாசல்ல நிண்டுதான் சொல்லுவன். கதவைத் திறக்கிறதும் திறக்காததும் உங்கட விருப்பம். திறக்க மனமில்லாட்டி, றேடியோவை மட்டும் எடுத்து வெளியில வைச்சிடுங்க. வாசல்ல இருந்து திருத்தி வைச்சிட்டுப் போறன்."