முட்டையிடாத வாத்து

…இல்லை, இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கலாம், மருதாயி அக்கா வந்துவிடுவாள், சொன்னால் வருகிறவள்தானே, கோழியோ மீனோ எது வந்தாலும் ஜீவராணிக்கு வெட்டிக் கழுவிக் கொடுப்பவள் பக்கத்துக் காம்பரா மருதாயி அக்காதான், தோட்டத்து வரிசை வீடான லயம் முழுக்கத் தெரிந்த விஷயம் அது, பச்சை இறைச்சியைத் தொட்டாலே ஜீவராணிக்குக் குமட்டும், கல்யாணமான புதிதில் சூடை மீனின் தலையைக் கிள்ளப்போய் வாசலில் வாந்தி எடுத்ததைச் சொல்லி இன்னும் சிரிக்கிறார்கள்… ஆனால் வெயில் ஏறுகிறதே, தட்டில் கிடக்கும் வாத்தை ஈ மொய்க்கிறதே. புருஷன் செல்லையாவுக்கு என்ன, கொழும்புக் கடைக்குத் திரும்பும் அவசரத்தில் இருட்டோடு இருட்டாக அறுத்து, சுடுதண்ணீரில் முக்கி இறகைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, “உப்புக்கண்டம் போட்டு வை, அடுத்த தடவ வந்து கொண்டுபோறேன்” என்று முதல் பஸ்ஸைப் பிடித்துவிட்டார். மருதாயி அக்காவோ பிள்ளைத்தாய்ச்சி மகள் தனுஜாவைக் கூட்டிக்கொண்டு எஹலியகொட கிளினிக்குக்குப் போயிருக்கிறாள், போகும்போது சொன்னாள், “நீ கைய வைக்காத புள்ள, நான் வந்து வெட்டுறேன்.” எப்போதும் சொல்வதுதான், ஆனால் இன்று இரண்டு தரம் சொன்னாள், படி இறங்கியவள் திரும்பி வந்து சொன்னாள்… வராவிட்டால் இறைச்சி நாறிப்போகுமே, அதை யார் திங்கிறது?

சரி, கண்ணை மூடிக்கொண்டாவது செய்யத்தான் வேண்டும். கையில் பொலித்தீன் பையை மாட்டி, சேலைத் தலைப்பால் மூக்கைக் கட்டி, கத்தியை வைத்தாள், தோல் வழுக்கியது, சீ, இன்னும் சூடு இருப்பது மாதிரி, இருக்காது, மனப்பிரமை… பாவம் வாத்து, ஒன்றே ஒன்றுதான் வளர்த்தாள், அதுவும் முட்டைக்காக. ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவள் விடியுமுன் மலையேறிவிடுவாள், வாத்தைச் சீக்கிரம் திறந்துவிட்டால் ஓடையில் போய் முட்டையிட்டுவிடும், அதனால் நன்றாக விடிந்த பிறகு கூட்டைத் திறக்கிற வேலையை மருதாயி அக்காவிடம் கொடுத்திருந்தாள், அவளும் முட்டையை எடுத்துக் கிண்ணத்தில் வைத்துவிடுவாள், பிறகு ஒரு நாள், “இன்னைக்கி இல்ல புள்ள”, மறுநாளும் இல்லை, அப்புறம் இல்லவே இல்லை. நின்னு போச்சு போல என்றாள். ஜீவராணியும் நம்பி, சும்மா தின்கிற கழுதை என்று வாத்தைத் திட்டி, தீனியைக் குறைத்து… ராத்திரி மழையில் மரம் நனைந்து இன்று பால் வெட்டு இல்லாமல் போனதால்தான் வீட்டில் இருக்கிறாள், இல்லாவிட்டால் இதையும் மருதாயி அக்காவே வந்து வெட்டி முடித்திருப்பாள். ஐயோ இந்த வாடை… உள்ளே கையை விட்டுக் குடலை இழுக்க வேண்டும், மூச்சைப் பிடித்துக்கொள், இழு… என்ன இது, கெட்டியாக, உருண்டையாக?

முட்டை. ஓடு கட்டி முடிந்த முழு முட்டை, நீலம் பாய்ந்த வெள்ளை. அதன் பின்னாலேயே மஞ்சள் கருக்கள், பெரிசு, அதைவிடச் சின்னது, கடுகளவு என்று பாசிமணிக் கோவையாக வந்தன. குமட்டவில்லை, குமட்ட மறந்துவிட்டது. விடியும்வரை விட்டிருந்தால் இன்றைக்கும் ஒரு முட்டை போட்டிருக்குமே, நேற்றும் போட்டிருக்கும், முந்தாநாளும்… அப்படியானால்? கூட்டைத் திறக்கிறது ஒரே ஆள்தானே. முட்டையெல்லாம் தனுஜாவுக்கா? கேட்டிருந்தால் கூட்டோடு தூக்கிக் கொடுத்திருப்பேனே அக்கா, அவளுக்குப் பலாக்காயும் கீரையும் கொண்டுவந்து கொடுத்தது யார், அவள் மயங்கி விழுந்த அன்று தோளில் தாங்கி றோட்டு வரைக்கும் இறக்கியது யார்? சரி, எடுத்தாய், போகட்டும், அறுக்கப் போறோம் என்று நேற்றுச் செல்லையா சொன்னபோது பக்கத்தில்தானே நின்றாய், ஒரு வார்த்தை, வேணாம் என்று ஒரே வார்த்தை… வாத்து செத்தாலும் சாகட்டும் என்று இருந்துவிட்டாயே. நான் உள்ளே கையை விடமாட்டேன் என்று தெரியும் உனக்கு, என்னுடைய அருவருப்பை நம்பியல்லவா இருந்திருக்கிறாய். எனக்கு வெட்டிக் கொடுத்ததெல்லாம்கூட… இல்லை, அது வேறு, அது அன்புதான், அன்புதானா? பையைக் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்கையால் உப்பையும் மஞ்சளையும் அள்ளி இறைச்சியில் தேய்த்தாள், மிளகு, கொறக்காப் புளி, மறுபடியும் உப்பு, நகக்கண்ணெல்லாம் எரிய எரியத் தேய்த்தாள், அடுப்புக்கு மேலே கம்பி கட்டியாயிற்று, ரப்பர் விறகுப் புகையில் காயட்டும், அவர் வந்து தின்னட்டும், எனக்கு ஒரு துண்டும் வேண்டாம்.

வாசலில் குடையை மடக்கும் சத்தம். “அனே, நீயே வெட்டிட்டியா புள்ள?” மருதாயி அக்காதான், முகத்தில் வேர்வை, இறக்கத்திலிருந்து ஓடி வந்திருப்பாள் போல. தட்டின் ஓரத்தில் முட்டை இருந்தது. பார்த்துவிட்டாள், நன்றாகவே பார்த்தாள். ஜீவராணி நிமிராமல் இருந்தாள், சொல்லு அக்கா, கீரி தின்னுருக்கும் என்று சொல்லு, இன்றைக்குத்தான் திரும்பப் போடத் தொடங்கியிருக்கு என்று சொல்லு, எதையாவது சொல்லு… மருதாயி அக்கா குனிந்து வாத்துத் தொடையை விரலால் அழுத்திப் பார்த்தாள். “உப்பு பத்தாது புள்ள, எலும்பு ஓரமா நல்லா அழுத்தித் தேயி” என்றாள், சொல்லிவிட்டுத் தன் காம்பராவுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஜீவராணிக்கு அப்போதுதான் உறைத்தது, இவ்வளவு நேரமும் ஒரு பொய்க்காகத்தான் காத்திருந்திருக்கிறாள், சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள், அழுதுகொண்டே நம்பியிருப்பாள்… ஒரு பொய் சொல்லி என்னைத் தக்கவைத்துக்கொள்ளக்கூட வேண்டாதவளாகவா போய்விட்டேன் நான்?