பித்தப்பைக்கு எடுத்த ஸ்கேன்

நாள் தள்ளிப்போனால் மற்றப் பெண்களுக்குச் சந்தேகம் வரும். எனக்கு நாள் வந்தால்தான் சந்தேகம் வரும். பதினாலு வயதிலிருந்து அப்படித்தான். நாலு மாதம் ஒன்றும் இருக்காது, அப்புறம் இருபது நாள் நிற்காது. ஊரில் நீர்க்கட்டி என்பார்கள், டாக்டர்கள் பிசிஓஎஸ் என்பார்கள். பெயர் எதுவானால் என்ன, எனக்குக் கிடைத்தது முகவாயில் முடி, கழுத்தைச் சுற்றிக் கறுப்பு, நூற்றுப் பதினெட்டு கிலோ எடை. கல்யாணமாகி எட்டு வருஷமாகியும் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை.

நான் வேலை பார்ப்பது ரத்தப் பரிசோதனை செய்கிற லேபில். காலை ஆறரைக்கு ஷட்டரைத் தூக்கும்போதே வெறும் வயிற்றோடு வரிசையில் நிற்பார்கள். கையை நீட்டச் சொல்வேன், ரப்பர் பட்டையைக் கட்டுவேன், முழங்கை மடிப்பைத் தட்டி நரம்பைத் தேடுவேன். ஒரே குத்து. அதனால் என் கணவர் எனக்கு வைத்த பெயர் ஊசி. நூற்றுப் பதினெட்டு கிலோ பெண்டாட்டியைத் தெருவில் ‘ஊசி, ஊசி’ என்று கூப்பிட்டால் போகிறவர்கள் திரும்பிப் பார்க்க மாட்டார்களா? அதில் அவருக்கு ஒரு அற்ப சந்தோஷம். அவர் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க இருட்டுக் குழிக்குள் கிரீஸோடு நிற்கிற மனிதர், சிரிக்க ஏதாவது வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

லேபில் கர்ப்பப் பரிசோதனையும் நான்தான் பார்ப்பேன். கிண்ணத்தில் ஸ்ட்ரிப்பை நனைத்தால் ஐந்து நிமிஷம். ஒரு கோடு என்றால் இல்லை, இரண்டு கோடு என்றால் உண்டு. யாருக்கும் தெரியாமல் எனக்கும் ஆறு வருஷம் போட்டுப் பார்த்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் எப்படிச் சாய்த்துப் பார்த்தாலும் ஒரு கோடுதான். ஒரு நாள், குப்பைக்கூடையில் போட்ட ஸ்ட்ரிப்பைத் திரும்ப எடுத்து, ஒருவேளை இப்போது வந்திருக்குமோ என்று பார்த்துக்கொண்டு நின்றேன். சீ என்று ஆகிவிட்டது. இனிமேல் எனக்கு நானே சோதனை போட்டால் என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டேன். வாழ்க்கையில் நான் ஒழுங்காகக் காப்பாற்றிய சபதம் அது ஒன்றுதான்.

எங்களோடு இருக்கிற என் மாமியார் கெட்டவர் இல்லை. வாய்தான் சும்மா இருக்காது. யாராவது வீட்டுக்கு வந்து “ஏதாவது விசேஷம் உண்டா?” என்று என்னைக் கேட்டால், நான் வாயைத் திறப்பதற்குள் அவர் “எங்க” என்பார். அந்த ஒரு சொல்தான். எட்டு வருஷமாக அதைக் கேட்டுக் கேட்டு என் காது புண்ணாகியிருந்தது.

எடை இறங்கினால்தான் வழி என்றார்கள். பட்டினி கிடந்தேன், நடந்தேன், பொடி கரைத்துக் குடித்தேன். நாலு கிலோ இறங்கும், ஆறு கிலோ ஏறும். கடைசியில் அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். இரைப்பையில் முக்கால் பாகத்தை வெட்டி எடுத்துவிட்டு, வாழைப்பழம் அளவுக்கு ஒரு பையை விட்டு வைத்தார்கள். “வாயைக் கட்டத் தெரியாம வயித்தை அறுத்துக்கிட்டியே” என்றார் மாமியார். சொல்லிவிட்டு, மூன்று நாள் ஆஸ்பத்திரியில் என் கட்டிலுக்குக் கீழே படுத்திருந்தவரும் அவர்தான்.

வீட்டுக்கு அனுப்பும்போது சர்ஜன் ஒரு தாளைக் கொடுத்து விளக்கினார். வாந்தி வரும், முடி கொட்டும், அசதி இருக்கும், சில வாசனைகள் பிடிக்காது. வைட்டமின் மாத்திரைகளை ஆயுள் முழுக்க விடக்கூடாது. கடைசியாக ஒன்று சொன்னார்.

“பதினெட்டு மாசத்துக்குக் கர்ப்பம் கூடாது. எடை வேகமா இறங்கும்போது உடம்புல சத்து இருக்காது. அதுக்குன்னு தனியா ஒரு மாத்திரை எழுதியிருக்கேன், மறக்காம போடுங்க.”

“அது எதுக்கு டாக்டர்?” என்று கேட்டார் என் கணவர்.

“குழந்தை வராம இருக்க.”

நாங்கள் இருவரும் முகத்தை இறுக்கிக்கொண்டு வெளியே வந்தோம். லிஃப்ட் கதவு மூடியதும் அவர், “எட்டு வருஷமா ஏறாத லிஃப்டுக்கு பிரேக் மாட்டச் சொல்றாரு, ஊசி” என்றார். எனக்குச் சிரிப்பு பீறிட்டது. தையல் வலிக்கிறது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறேன், கண்ணில் தண்ணீர் வருகிறது. அவரும் சுவரில் சாய்ந்து சிரித்தார். அந்த மாத்திரையை நாங்கள் வாங்கவே இல்லை. சர்ஜன் சொன்னதை நான் நம்பவில்லை என்பது பாதி உண்மை. தங்கினால் தங்கட்டுமே என்று மனதின் ஒரு மூலையில் இருந்தது மீதிப் பாதி.

வைட்டமின் மாத்திரை புளியங்கொட்டை அளவு இருக்கும். விழுங்கினால் நெஞ்சில் நிற்கும், அரை மணி நேரத்தில் அதோடு சேர்த்து எல்லாம் வெளியே வரும். இரண்டாவது மாதத்தில் நிறுத்திவிட்டேன். “மாத்திரை போட்டியா?” என்று காலையில் கணவர் கேட்பார். “போட்டேன்” என்பேன். குழந்தைக்குச் சொல்வதுபோல “சமர்த்து” என்பார். எடைதான் இறங்குகிறதே, மாத்திரை எதற்கு என்று இருந்துவிட்டேன். ஊருக்கெல்லாம் ரத்தம் பார்க்கிறவள், என் ரத்தத்தைப் பார்க்கத் தோன்றவில்லை.

ஆறு மாதத்தில் முப்பத்தாறு கிலோ போனது. மோதிரம் கழன்று விழுந்தது, கன்னம் ஒட்டியது, பேருந்தில் பக்கத்தில் ஆள் உட்கார்ந்தார்கள். வாந்தி நிற்கவில்லை. எண்ணெய் வாசனை வந்தால் குமட்டியது, மத்தியானம் ஆனால் ரத்த மாதிரிக் குழாய்கள் அடுக்கிய மேஜையிலேயே தலையைச் சாய்த்துவிடுவேன். எல்லாம் அந்தத் தாளில் எழுதியிருந்தவைதான். அறுவைக்குப் பிறகு ஒரே ஒரு முறை நாள் வந்தது, அப்புறம் வரவில்லை. அதுவும் எனக்குப் புதிதில்லை. அடிவயிறு மட்டும் இறங்காமல் துருத்திக்கொண்டு நின்றது. தொங்குகிற சதை என்று நினைத்து, அகலமான எலாஸ்டிக் பெல்ட் ஒன்றை வாங்கி மூச்சு முட்டுகிற மாதிரி இறுக்கிக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன். கர்ப்பமாக இருக்கிறவர்களுக்குத் தினமும் என் கையால் ரிசல்ட் எழுதிக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தேன்.

வாந்தி ஓயாததால், எடை வேகமாக இறங்கினால் பித்தப்பையில் கல் வரும் என்று சர்ஜன் ஸ்கேன் எடுக்க அனுப்பினார். ஸ்கேன் டாக்டர் சின்னப் பெண். விலாவுக்குக் கீழே கருவியை வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“கல் இருக்கா?” என்றேன்.

“கல் இல்லைங்க.” கருவி கீழே இறங்கியது, நின்றது. “கடைசியா பீரியட்ஸ் எப்ப வந்துச்சு?”

“எனக்கு ஒழுங்கா வராது.”

“நீங்க கர்ப்பமா இருக்கீங்க. பதினேழு வாரம் இருக்கும். தெரியாதா?”

“நான் லேப்ல வேலை பார்க்கறேன்” என்றேன். அதை ஏன் அப்போது சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

அவள் ஒரு பொத்தானை அழுத்தினாள். அறை முழுக்க இதயம் அடித்தது. பிறகு கருவியை நகர்த்தி ஓரிடத்தில் வெகு நேரம் வைத்திருந்தாள். நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்ததால் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “இது சின்ன மெஷின். பெரிய ஸ்கேன் எடுத்து விவரமா பார்த்துடுங்க” என்று மட்டும் சொன்னாள். பெரிய ஸ்கேனுக்கு ஒன்பது நாள் கழித்துத்தான் இடம் கிடைத்தது.

வெளியே பெஞ்சில் இருந்த கணவர் எழுந்தார். “கல்லா?”

“ஆமா. கை கால் முளைச்ச கல்லு.”

புரிவதற்குச் சற்று நேரமானது. புரிந்ததும் பெஞ்ச் இருக்கும்போதே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அந்த ஒன்பது நாளும் வீடு வீடாக இல்லை. மாமியார் போனைக் கீழே வைக்கவில்லை. “முழுகாம இருக்கா” என்று யார் யாருக்கோ சொன்னார். என்னைக் குனிய விடவில்லை, தண்ணீர்க் குவளையைக்கூடக் கையில் கொண்டுவந்து கொடுத்தார். கணவர் வேலையிலிருந்து வந்ததும் கிரீஸ் போகக் கையை இரண்டு முறை சோப்பு போட்டுக் கழுவிவிட்டு, என் வயிற்றில் காதை வைத்துக் கேட்பார். பெல்ட் இறுக்கிய தழும்பு அங்கே இன்னும் மறையவில்லை.

ஸ்கேனுக்கு மறுநாளே நான் ஒரு காரியம் செய்திருந்தேன். லேபில் யாரும் வருவதற்கு முன்னால், ரப்பர் பட்டையின் ஒரு நுனியைப் பல்லால் கடித்து இழுத்துக் கட்டி, என் கையில் நானே குத்தி ரத்தம் எடுத்தேன். போலிக் அமிலம் இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை. எண்ணுக்குப் பக்கத்தில் கீழ்நோக்கி ஓர் அம்புக்குறியை மெஷின் போட்டிருந்தது. முதல் மாதத்தில் அந்தச் சத்து இல்லாவிட்டால் குழந்தையின் முதுகெலும்பும் மண்டையும் ஒழுங்காக மூடாது. எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, எங்கள் வரவேற்பறையில் அந்தச் சுவரொட்டியை ஒட்டியதே நான்தான். பேப்பரைக் கிழித்துப் போட்டேன். அன்று முதல் அந்தப் புளியங்கொட்டை மாத்திரைகளை ஒரு வேளை விடாமல் விழுங்கினேன். வாந்தியில் போனால் திரும்ப ஒன்று போட்டேன். யாரிடமும் மூச்சு விடவில்லை. ஒன்றும் ஆகியிருக்காது, எத்தனை பேர் மாத்திரை இல்லாமல் பெற்றிருக்கிறார்கள் என்று ஒன்பது நாளும் எனக்கு நானே கதை சொல்லிக்கொண்டிருந்தேன்.

பெரிய ஸ்கேனில் டாக்டரம்மா நிறையப் பேசிக்கொண்டே ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் பேச்சு நின்றது. அவர் கருவியைத் துடைத்து வைத்துவிட்டு, என் கணவரை உள்ளே கூப்பிட்டு, உட்காரச் சொல்லிவிட்டுத்தான் சொன்னார்.

“குழந்தைக்கு மண்டையோடு உருவாகலை. மூளையும் சரியா வளரலை. பிறந்தாலும் சில மணி நேரத்துக்கு மேல உயிரோட இருக்காது.”

“இன்னொரு தடவை பாருங்க” என்றார் கணவர். “மெஷின் தப்பு சொல்லும் டாக்டர். எங்க வேலையில தினம் பார்க்கறேன். நல்லா இருக்கற லிஃப்டைப் பழுதுன்னு காட்டும்.”

டாக்டரம்மா மறுபடி பார்த்தார். அவருக்காகத்தான் பார்த்தார். திரையில் கை இருந்தது, கால் இருந்தது, அது காலை உதைத்துக்கொண்டுகூட இருந்தது. கண்ணுக்கு மேலே ஒன்றும் இல்லை.

“இது எதனால வேணும்னாலும் வரலாம்” என்றார் டாக்டரம்மா. “உங்க ஆபரேஷனுக்கு அப்புறம் சத்துக் குறைவாலயும் வரும். வைட்டமின் ஒழுங்கா போட்டீங்களா?”

நான் வாயைத் திறப்பதற்குள் கணவர் முந்திக்கொண்டார். “போட்டா டாக்டர். ஒரு நாள் விடலை. தினம் நான் கேட்பேன்.”

வராந்தாவுக்கு வந்ததும் அவரிடம் சொல்லிவிட்டேன். “நான் போடலைங்க. ரெண்டாவது மாசமே நிறுத்திட்டேன். உங்ககிட்ட பொய் சொன்னேன்.”

அவர் கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “அந்த இன்னொரு மாத்திரையை வாங்க விடாம சிரிச்சது நான்தானே” என்றார். வீட்டுக்கு வந்து மாமியாரிடம் சொன்னோம்.

“டாக்டருங்க ஆயிரம் சொல்லுவாங்க, பொறுத்துப் பார்ப்போம்” என்றார் மாமியார். பொறுத்துப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. அது ஒவ்வொரு முறை அசையும்போதும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன். நான்காம் நாள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். மருந்து வைத்து வலி வரவழைத்தார்கள். பதினோரு மணி நேரம். பிரசவ வலிதான், அதில் குறைச்சல் இல்லை. பக்கத்து அறையில் ஒரு குழந்தை வீறிட்டது. எங்கள் அறையில் சத்தமே இல்லை.

“பார்க்கறீங்களா? கட்டாயம் இல்லை” என்றாள் நர்ஸ்.

பார்க்கிறேன் என்றேன். பெண் குழந்தை. நர்ஸ் புண்ணியவதி, துணியை மடித்துத் தலைக்குத் தொப்பி மாதிரி சுற்றியிருந்தாள். என் ஒரு கைக்குள் அடங்கினாள். விரல் மட்டும் நீள நீளமாக, அப்படியே என் கணவரின் விரல். அவர் தன் சுண்டுவிரலை அவள் உள்ளங்கையில் வைத்துவிட்டு எடுக்கவே இல்லை. நர்ஸ்தான் மெதுவாக எடுத்துவிட்டாள்.

கிளம்பும்போது பிரசவம் பார்த்த டாக்டரம்மா என் முதுகைத் தட்டிக்கொடுத்து, “கர்ப்பம் தங்குதுன்னு தெரிஞ்சுடுச்சு, அதை நல்ல விஷயமா எடுத்துக்கோங்க” என்றார். அவர் ஆறுதலுக்குச் சொன்னார். பக்கத்தில் நின்ற மாமியார் அதை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்த இரண்டாம் நாள் காலை, கணவர் வேலைக்குப் போனபின், மாமியார் என்னை உட்காரவைத்துத் தலை வாரிவிட்டார். எட்டு வருஷத்தில் அவர் கை என் தலையில் பட்டது அன்றைக்குத்தான். முடி கொத்துக் கொத்தாகச் சீப்போடு வந்தது. நடுவில் போன் வந்தால் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு பேசினார்.

“ஆமா, போயிடுச்சு. என்ன பண்றது. ஆனா தங்குதுன்னு தெரிஞ்சுபோச்சுல்ல, அது போதுமே. வருஷம் திரும்பறதுக்குள்ள அடுத்தது நின்னுடும்.” குரலில் ஒரு தெளிவு இருந்தது. போனை வைத்துவிட்டு என்னிடமும் அதையே சொன்னார். “நீ மலடி இல்லம்மா. இனி எவளும் ஒரு வார்த்தை சொல்ல முடியாது.”

இந்த ஒரு வாக்கியத்துக்காக எவ்வளவு ஏங்கியிருப்பேன். அந்தக் கையைத் தட்டிவிட வேண்டும்போல ஆத்திரமாக வந்தது. தட்டிவிடவில்லை, குனிந்து உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் என் ரவிக்கை நனைந்திருப்பதைப் பார்த்தேன். தண்ணீரைக் கொட்டிக்கொண்டோமோ என்று நினைத்தேன். பக்கத்தில் தண்ணீர் ஏதும் இல்லை. மார்பு கல்லாகக் கனத்தது.

வாரிக்கொண்டிருந்த கை நின்றது. அவரும் பார்த்துவிட்டார்.

“பால் வருது அத்தை” என்றேன். “இதை என்ன பண்றது?”

எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிற மனுஷி. கொடியிலிருந்து ஒரு துண்டை உருவி வந்து என் மார்பில் வைத்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். போன் அடித்தது. அவர் எடுக்கவில்லை. துண்டு நனைந்ததும் இன்னொன்று எடுத்து வந்தார். மத்தியானம் வரை வந்துகொண்டே இருந்தது.